ஓவனில் உலர்த்திய பழச் சீவல்கள்: கேக் அலங்காரத்தின் பின்னுள்ள வரலாறு

ஆப்பிள், பேரி, ஆரஞ்சு, எலுமிச்சை, அன்னாசி போன்ற பழங்களை மெல்லிய வட்டங்களாகச் சீவி, ஓவனில் குறைந்த சூட்டில் சில மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கி எடுக்கும் துண்டுகள் இன்று கேக்கின் மேல் அலங்காரமாக வைக்கப்படுகின்றன. ஆப்பிள் சீவலின் நடுவில் விதையறைகள் நட்சத்திரம்போல் தெரியும். ஆரஞ்சுச் சீவலில் வெளிச்சம் ஊடுருவும். அன்னாசிச் சீவலைக் கிண்ணத்தில் வைத்து ஆறவிட்டால் பூவாக விரியும்.

பார்க்க எளிய வேலையாகத் தோன்றினாலும், வெட்டிய பழத்தை அதன் நிறமும் வடிவமும் கெடாமல் வைத்திருப்பது பல நூற்றாண்டுகள் மனிதர்கள் முயன்ற ஒன்றாகும். அதற்கு மூன்று வழிகள் கையாளப்பட்டன. ஒன்று மென்சூடு, மற்றொன்று சர்க்கரைப் பாகு, மூன்றாவது கந்தகப் புகை. இவற்றுள் மென்சூடே மலிவானது. ஆனால் அதில் நிறம் நிற்கவில்லை. நிறத்துக்காகச் சர்க்கரையையும் கந்தகத்தையும் நாடியபோது, அதற்கான விலையைப் பெரும்பாலும் வேறு யாரோ கொடுக்க நேர்ந்தது. சூட்டை அளந்து நிறுத்தும் ஓவன் வீடுகளுக்கு வந்த பிறகே பழைய மென்சூட்டு வழி அலங்காரத்துக்கும் பயன்படலாயிற்று.

வெயிலும் அடுப்பும்

நம் ஊர்களில் வற்றல் போடுவதற்கு வெயில் போதும். சித்திரை, வைகாசியில் மாங்காயையும் சுண்டைக்காயையும் பாயில் பரப்பினால் சில நாட்களில் காய்ந்துவிடும். மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளிலும் திராட்சையும் அத்தியும் இப்படியே வெயிலில் உலர்த்தப்பட்டன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே நிலைமை வேறு. அங்கே ஆப்பிளும் பேரியும் பழுப்பது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். அப்போது வெயில் தணிந்து மழையும் குளிரும் தொடங்கிவிடும். அடுத்த சில மாதங்களுக்குப் புதிய பழம் கிடையாது. ஆகவே அங்கு உலர்த்தும் வேலையை அடுப்பே செய்ய வேண்டியிருந்தது.

உலர்த்துவதன் கணக்கு எளியது. ஆப்பிளில் ஏறத்தாழ 86 விழுக்காடு நீர். ஒரு கிலோ ஆப்பிள் சதையில் நீர் நீங்கலாக இருப்பது 140 கிராம் மட்டுமே. ஈரம் 20 விழுக்காடாகும் வரை உலர்த்தினால் அந்த ஒரு கிலோ 175 கிராமாகச் சுருங்கும். அந்த அளவுக்கு ஈரம் குறைந்தால் நுண்ணுயிர்கள் பெருக வழியில்லை. எடையும் குறைவதால் சேமிப்பதும் தூக்கிச் செல்வதும் எளிது. உலர்பழம் தொடக்கத்தில் அலங்காரப் பொருளன்று. குளிர்காலத்தைத் தாண்டுவதற்கான உணவு.

ரொட்டி அடுப்பின் மிச்சச் சூடு

பழைய ஐரோப்பிய ரொட்டி அடுப்பு செங்கல்லாலோ கல்லாலோ கட்டிய குகை போன்றது. இலங்கைத் தமிழர் போறணை என்று சொல்வது இந்த வகையைத்தான். அதன் உள்ளேயே விறகை எரித்து, சுவர்கள் நன்றாகச் சூடேறியதும் தணலை வெளியே தள்ளிவிட்டு ரொட்டியை வைப்பார்கள். ரொட்டி வெந்த பிறகும் கல்லில் பல மணி நேரம் சூடு இருக்கும். அந்த மிச்சச் சூட்டை வீணாக்காமல் பழத்தை உள்ளே வைத்தார்கள். விறகுக்குத் தனிச் செலவில்லை.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 'பிஃபின்' என்ற ஆப்பிள் இவ்வாறு செய்யப்பட்டது. கெட்டித் தோலுள்ள முழு ஆப்பிள்களை ரொட்டி எடுத்த அடுப்பில் வைத்து, மேலே பளு ஏற்றி, மெதுவாகச் சுட்டுத் தட்டையாக்குவார்கள். நார்விச் நகர ரொட்டிக்காரர்கள் இவற்றைப் பெட்டிகளில் அடுக்கி லண்டனுக்கு அனுப்பினர். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையின் பழக்கடை வருணனையிலும் இந்த ஆப்பிள் இடம்பெறுகிறது.

பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதியில் உள்ள ரிவாரென் என்ற ஊர் 'தட்டிய பேரி'க்குப் பெயர்பெற்றது. பேரிப் பழத்தின் தோலைச் சீவி, அடுப்பில் நாட்கணக்கில் உலர்த்தி, பின் ஒரு கருவியால் அழுத்தித் தட்டையாக்குவார்கள். பிறகு வேண்டும்போது ஒயினில் ஊறவைத்து உண்பார்கள். ஜெர்மன் மொழி பேசும் ஆல்ப்ஸ் பகுதிகளில் உலர்ந்த பேரியை மாவுடன் சேர்த்துக் 'கிளெட்சன் ரொட்டி' என்ற கிறிஸ்துமஸ் ரொட்டியைச் செய்தனர்.

இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. பழம் கரும்பழுப்பாக மாறிவிடும், வடிவம் நசுங்கிவிடும். ரொட்டி அடுப்பின் சூடு தொடக்கத்தில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும் இருக்கும். அதை ஒரே அளவில் நிறுத்த வழியில்லை. எனவே இந்தப் பழங்கள் ரொட்டிக்கும் கேக்குக்கும் உள்ளே சென்றன. மேலே வைத்து அழகு பார்க்கும் பொருளாக அவை ஆகவில்லை.

சர்க்கரைப் பாகின் வழி

கேக்கின் மேலே முதலில் இடம் பிடித்தது பாகில் ஊறிய பழம். பழத்தை வேகவைத்து, மெல்லிய சர்க்கரைப் பாகில் இட்டு, நாளுக்கு நாள் பாகின் கெட்டித்தன்மையைக் கூட்டிக்கொண்டே போனால், பழத்திலுள்ள நீர் வெளியேறிச் சர்க்கரை உள்ளே புகும். அவசரப்பட்டுத் தொடக்கத்திலேயே கெட்டிப் பாகில் போட்டால் பழம் சுருங்கிவிடும். ஆகவே இது பல நாள், சில பழங்களுக்குப் பல வாரம் பிடிக்கும் வேலை. முடிவில் பழம் தன் வடிவத்துடன் கண்ணாடிபோல் மினுங்கும்.

தென் பிரான்சின் ஆப்ட் நகரம் இக்கலைக்குப் புகழ்பெற்றது. அருகிலுள்ள அவிஞோனில் போப்பாண்டவர்கள் தங்கியிருந்த 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆப்ட் பழங்கள் அவர்களது மேசைக்குச் சென்றன என்பது அந்நகரின் மரபு. ஆரூடக்காரராக நாம் அறியும் நாஸ்ட்ரடாமஸ் ஒரு மருத்துவர். 1555-இல் வெளியான அவரது நூல் ஒன்றில் பழங்களையும் தோல்களையும் சர்க்கரையில் பதப்படுத்தும் முறைகள் விரிவாக உள்ளன. தென் பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஜனவரி 6 அன்று மூன்று அரசர்கள் திருநாளுக்குச் செய்யும் வளைய ரொட்டியின் மேல் இத்தகைய பழத் துண்டுகள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பதிக்கப்படுகின்றன. அவை அரச கிரீடத்தின் மணிகளைக் குறிப்பதாகச் சொல்வர்.

சர்க்கரை அக்காலத்தில் விலை உயர்ந்த பொருள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அது மலிந்ததற்குக் காரணம், கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பு. கரும்பு வெட்டுவதும், ஆலையில் பிழிவதும், கொதிக்கும் கொப்பரைகளின் முன் இரவு பகலாக நிற்பதும் அவர்கள் தலையில் விழுந்தன. இதை எதிர்த்து 1791-இல் வில்லியம் ஃபாக்ஸ் எழுதிய துண்டுப் பிரசுரம் இங்கிலாந்தில் பரவலாகப் படிக்கப்பட்டது. பல குடும்பங்கள் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைத் தவிர்த்தன. பிரிட்டன் 1807-இல் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை 1833-இல் இயற்றியது. இதற்கிடையே பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் தொழிலும் ஐரோப்பாவில் தொடங்கியது. ஆண்ட்ரியாஸ் மார்கிராஃப் 1747-இல் ஆய்வகத்தில் கண்டதை, அவரது மாணவர் ஆக்கார்டு 1801-இல் ஆலை அளவில் செய்து காட்டினார்.

ஆப்பிள் வளையங்களும் கந்தகமும்

அமெரிக்கக் குடியேறிகள் ஆப்பிளைச் சீவி, நூலில் மாலைபோல் கோத்து, கணப்பின் அருகே தொங்கவிட்டு உலர்த்தினர். பென்சில்வேனியா ஜெர்மானியர் இதை 'ஷ்னிட்ஸ்' என்றனர். 1803-இல் மோசஸ் கோட்ஸ் என்பவர் ஆப்பிள் தோல் சீவும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அப்பலாச்சிய மலைப் பகுதியில், மெல்லிய கேக் அடுக்குகளுக்கு இடையே உலர்ந்த ஆப்பிளை வேகவைத்து மசித்துப் பூசும் அடுக்குக் கேக் உருவானது. வெண்ணெய்க் கிரீமும் ஐசிங்கும் வாங்க முடியாத வீடுகளின் விழாக்காலக் கேக் அது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வேலை தொழிற்சாலைக்குச் சென்றது. சூடான காற்று கீழிருந்து மேலே எழும் கூண்டுகளில் ஆப்பிள் வளையங்களைத் தட்டுகளில் பரப்பி உலர்த்தினர். நியூயார்க் மாநிலத்தின் வெயின் மாவட்டம் இதன் முதன்மை இடமாயிற்று. தோல் சீவுவதும் கறை நீக்குவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அங்கிருந்து உலர் ஆப்பிள் ஐரோப்பாவுக்குப் பெருமளவில் ஏற்றுமதியானது.

வாங்குபவர்கள் வெள்ளை நிற வளையங்களையே விரும்பினர். ஆப்பிளை வெட்டியதும் அதிலுள்ள ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து சதையைப் பழுப்பாக்கும். கந்தகத்தை எரித்து அந்தப் புகையைப் பழத்தின் மேல் செலுத்தினால் நொதி செயலிழக்கும். பழம் வெண்மையாக நிற்கும். அப்புகையில் உள்ளது கந்தக டைஆக்சைடு. கலிஃபோர்னியாவின் ஆப்ரிகாட், பீச் உலர்பழத் தொழிலும் இம்முறையையே நம்பியிருந்தது. துத்தநாகம் பூசிய கம்பித் தட்டுகளில் பழச்சாறு பட்டதால் உலர் ஆப்பிளில் துத்தநாகம் கலந்ததும் அக்காலத்தில் சிக்கலானது. ஜெர்மனி அத்தகைய சரக்கை ஏற்க மறுத்தது.

அமெரிக்காவில் 1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் வந்தது. அதற்காகப் பாடுபட்ட வேதியியலாளர் ஹார்வி வைலி, உலர்பழத்தில் கந்தக டைஆக்சைடுக்கு வரம்பு வேண்டும் என்றார். 1907-இல் ஒரு கிலோவுக்கு 350 மில்லிகிராம் என்று அளவு குறிக்கப்பட்டது. கலிஃபோர்னிய விவசாயிகள் தங்கள் தொழிலே அழிந்துவிடும் என்று எதிர்த்தனர். அந்த வரம்பு நடைமுறைக்கு வரவில்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1908-இல் ஐரா ரெம்சன் தலைமையில் ஒரு வல்லுநர் குழுவை நியமித்தார். கந்தகப் பயன்பாடு தொடர்ந்தது.

பல பத்தாண்டுகளுக்குப் பின், கந்தகச் சேர்மங்கள் ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குக் கடும் மூச்சுத்திணறலை உண்டாக்குவது தெளிவாயிற்று. உணவகங்களின் சாலட் மேசைகளில் காய்கறி பளிச்சென்று தெரிவதற்காகத் தெளிக்கப்பட்ட இச்சேர்மங்களால் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1986-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பச்சையாக உண்ணும் காய், பழங்களில் இவற்றைத் தடை செய்தது. உலர்பழத்தில் தடையில்லை, உறையில் அறிவிக்க வேண்டும்.

சூட்டை அளந்து நிறுத்தும் ஓவன்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அடுப்பின் சூட்டைக் கையாலேயே அளந்தனர். உள்ளே கையை நீட்டி எத்தனை எண்ணும் வரை பொறுக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். அல்லது ஒரு தாளை உள்ளே வைத்து அது எவ்வளவு விரைவில் பழுப்பாகிறது என்று பார்ப்பார்கள். 1923-இல் பிரிட்டனில் 'ரெகுலோ' என்ற சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய 'நியூ வேர்ல்டு' கேஸ் அடுப்பு விற்பனைக்கு வந்தது. எண் ஒன்றில் திருப்பி வைத்தால் சூடு அங்கேயே நிற்கும். பிரிட்டிஷ் சமையல் நூல்களில் இன்றும் காணப்படும் 'கேஸ் மார்க்' எண்கள் இதன் வழிவந்தவை. பிற்பாடு உள்ளே காற்றைச் சுழற்றும் விசிறியும் சேர்ந்தது. உலர்த்துவதற்குச் சூட்டைப் போலவே காற்றோட்டமும் தேவை. பழத்திலிருந்து எழும் நீராவி விலகிச் சென்றால்தான் அடுத்த ஈரம் வெளியேறும்.

சூட்டை 90 அல்லது 100 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காக நிறுத்த முடிந்ததும், பழம் கருகாமல் உலர்ந்தது. அத்துடன் எலுமிச்சைச் சாறும் கைகொடுத்தது. சாற்றின் புளிப்பு நொதியைத் தடுக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி பழுப்பாகும் வினையைத் திருப்பிவிடுகிறது. கந்தகம் செய்த வேலையில் பெரும் பகுதியை ஒரு எலுமிச்சம்பழத்தால் செய்துவிட முடிந்தது.

அன்னாசிப் பூவும் வெறுங்கேக்கும்

1978 பிப்ரவரியில் அமெரிக்காவின் 'சதர்ன் லிவிங்' இதழில் 'ஹம்மிங்பேர்டு கேக்' என்ற அன்னாசி, வாழைப்பழக் கேக்கின் செய்முறை வெளியாயிற்று. ஜமைக்காவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் கேக் அது. இதன் மேல் உலர்ந்த அன்னாசிப் பூக்களை வைக்கும் வழக்கத்தை மார்த்தா ஸ்டூவர்ட்டின் செய்முறைகள் பரப்பின. சீவிய அன்னாசி வட்டங்களைப் பாதி உலர்ந்ததும் மஃபின் தட்டின் குழிகளில் வைத்தால், ஓரங்கள் மேலெழுந்து இதழ்போல் சுருளும்.

செயற்கை நிறமிகள் பற்றிய ஐயமும் இவ்வழக்கத்துக்குத் துணை நின்றது. 2007-இல் பிரிட்டனின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு, சில செயற்கை நிறமிகளும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானங்களுக்கும் குழந்தைகளின் அமைதியின்மைக்கும் தொடர்பு இருக்கலாம் என்றது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அத்தகைய ஆறு நிறமிகள் சேர்த்த உணவுகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாயிற்று. ஐசிங்கை வெண்மையாக்கப் பயன்பட்ட டைட்டானியம் டைஆக்சைடு 2022-இல் அங்கு உணவில் தடை செய்யப்பட்டது. 2010-களில் பக்கங்களில் ஐசிங் இல்லாத 'வெறுங்கேக்' பரவியபோது, அதன் மேல் வைக்க உலர்ந்த ஆரஞ்சும் பேரியும் பொருத்தமாக அமைந்தன.

இந்தியாவில்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரின் தலச்சேரியில், பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாபு 1883-இல் மர்டோக் பிரவுன் என்ற தோட்ட உரிமையாளருக்காக ஒரு கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் வரலாறு. இந்தியர் ஒருவர் இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அது போற்றப்படுகிறது.

ஐரோப்பாவின் பாகுப் பழங்கள் இங்கே விலை கட்டுபடியாகாதவை. அதற்கு இந்திய பேக்கரிகள் கண்ட மாற்று சுவையானது. பன்னிலும் கேக்கிலும் காணும் சிவப்பு, பச்சை, மஞ்சள் 'டூட்டி ஃப்ரூட்டி' பப்பாளிக் காயைச் சிறு கட்டங்களாக வெட்டிப் பாகில் ஊறவைத்து நிறமேற்றியது. கிரீம் கேக்கின் உச்சியில் இருக்கும் 'செர்ரி' பல கடைகளில் நம் களாக்காய்தான். இரண்டுமே பாகும் நிறமியும் சேர்ந்த வழியைச் சார்ந்தவை. வீடுகளில் சிறிய மின் ஓவன்கள் வந்த பின், வீட்டிலேயே கேக் செய்து விற்பவர்களிடம் உலர்ந்த சீவல்களும் இடம்பிடித்தன.

செய்முறையும் அதன் காரணங்களும்

பழம் பழுத்தும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராகச் சீவ வேண்டும். கனம் மாறினால் ஒன்று கருகும்போது மற்றொன்று ஈரமாகவே இருக்கும். ஆப்பிளையும் பேரியையும் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, துணியால் ஒற்றி, பேக்கிங் தாளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும்.

ஓவனை 90 முதல் 100 டிகிரியில் வைத்து, பாதியில் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். ஆப்பிளுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரமும், ஆரஞ்சு, அன்னாசிக்கு அதைவிட அதிகமும் பிடிக்கும். சூட்டைக் கூட்டினால் விரைவில் முடியும் என்று எண்ணுவது தவறு. மேற்புறம் முதலில் காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும், உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும், சர்க்கரை பழுப்பாகும்.

ஓவனிலிருந்து எடுக்கும்போது சீவல் வளையும். பழத்தின் சர்க்கரை சூட்டில் இளகியிருப்பதே காரணம். ஆறியதும் அது இறுகி மொறுமொறுப்பாகும். எனவே பூ வடிவம் கொடுக்க வேண்டுமானால் சூடாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். ஆறியும் வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். மீண்டும் ஓவனில் வைக்கலாம். ஆரஞ்சுத் தோலின் வெண்பகுதி கசக்கும் என்பதால் பலர் அதைக் கேக்கை வெட்டும்போது ஒதுக்கிவிடுகின்றனர்.

உலர்ந்த சீவல் காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சும். கடலோர ஊர்களில் ஒரு மணி நேரத்திலேயே தளர்ந்துவிடக்கூடும். ஆகவே காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, பரிமாறுவதற்குச் சற்று முன்னரே கேக்கின் மேல் வைப்பது வழக்கம். கிரீமிலுள்ள ஈரமும் அதை நனைக்கும்.

கடைகளில் விற்கும் உலர்பழச் சீவல்களை வாங்குவோர் உறையைப் படிப்பது நல்லது. ஐஎன்எஸ் 220 முதல் 228 வரையிலான எண்களில் பெரும்பாலானவை கந்தகச் சேர்மங்களைக் குறிக்கின்றன. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இது இன்னும் முக்கியம். கதவிலும் மேசையிலும் தொங்கவிடுவதற்காக விற்கப்படும் ஆரஞ்சு வளையங்களில் மெருகுப் பூச்சு இருக்கக்கூடும். அவற்றைக் கேக்கில் வைக்கக் கூடாது. வீட்டில் உலர்த்திய ஆப்பிள் சற்றே பழுப்பாக இருந்தால் அது கெட்டுப்போனதன்று. வெட்டிய ஆப்பிளுக்கு இயல்பாக வரும் நிறம் அதுவே.